திவால் மனு போட்டால் எல்லாம் நின்றுவிடுமா? அமெரிக்கத் திவால் சட்டத்தின் 'ஸ்டே' எங்கே முடிகிறது

நம் ஊர்ப் பேச்சில் ஸ்டே என்பது வாங்கவேண்டிய ஒன்று. வக்கீலைப் பிடித்து, மனு போட்டு, நீதிபதி முன் வாதாடி, கடைசியில் 'ஸ்டே வாங்கிவிட்டான்' என்று சொல்வார்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தில் இதை யாரும் வாங்குவதில்லை. திவால் மனு நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய நிமிடமே ஸ்டே தானாக அமலுக்கு வந்துவிடும். நீதிபதி அந்த மனுவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் அதற்கு 'ஆட்டோமேட்டிக் ஸ்டே', அதாவது தானியங்கித் தடை என்று பெயர்.

இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதே குழப்பத்துக்குக் காரணம். 'மனு போட்டாச்சு, இனி யாரும் கிட்டே வர முடியாது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்றொரு வழக்கு இருக்கிறது. அதைக் கொடுத்தால் கதை முடிந்தது என்று பொருள். அமெரிக்காவில் வேலை போய், வீட்டுக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கும்போது திவால் மனுவைப் பற்றி யோசிக்கும் ஒருவர் இதே நினைப்போடு போனால் ஏமாந்துபோவார். அங்கே மனு போடும் நாளில்தான் கதை தொடங்குகிறது.

முதலில் சில சொற்கள்

தமிழில் 'கடன்காரர்' என்றால் கடன் கொடுத்தவரும் அவர்தான், வாங்கியவரும் அவர்தான். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும். எனவே கடன் பட்டவர், கடன் கொடுத்தவர் என்றே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் திவால் என்பது மத்திய அரசின் சட்டம். இன்று நடைமுறையில் உள்ள சட்டத்தொகுப்பு 1978-இல் இயற்றப்பட்டு 1979 அக்டோபரில் அமலுக்கு வந்தது. தனிநபர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் போகிறார்கள்.

1. சாப்டர் 7: சட்டம் விலக்களித்த சொத்துகள் போக மீதி ஏதாவது இருந்தால், அந்த வழக்குக்கென்று நியமிக்கப்படும் டிரஸ்டி அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். பெரும்பாலான வழக்குகளில் மனு போட்டு நான்கு மாதம் போலக் கடன் விடுவிப்பு உத்தரவு வந்துவிடும்.
2. சாப்டர் 13: சொத்தை வைத்துக்கொண்டு, வருமானத்திலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளில் தவணையாகக் கட்டும் திட்டம்.

தானியங்கித் தடை இரண்டுக்கும் பொது. அது சட்டத்தொகுப்பின் 362-ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் உட்பிரிவு எவையெல்லாம் நிற்கும் என்று எட்டு வகைகளாகச் சொல்கிறது. அடுத்த உட்பிரிவு எவை நிற்காது என்று சொல்கிறது. அந்தப் பட்டியல் முதலாவதைவிடப் பல மடங்கு நீளம். பிரிவைப் புரட்டிப் பார்த்தாலே இந்தச் சட்டத்தின் குணம் தெரிந்துவிடும்.

எதெல்லாம் நிற்கிறது

வசூல் ஏஜென்சியின் போன், கடிதம், வழக்கு, சம்பளப் பிடித்தம், வங்கிக் கணக்கு முடக்கம், வீட்டு ஏலம், தவணை கட்டாத காரைத் தூக்கிக்கொண்டு போவது என எல்லாம் நிற்கும். மனுவில் பெயர் குறிப்பிட மறந்துபோன கடன் கொடுத்தவரையும் தடை கட்டுப்படுத்தும். மனு போட்டது தெரியாமல் அவர் நடவடிக்கை எடுத்தால் நஷ்ட ஈடு கட்டவேண்டியதில்லை, ஆனால் அந்த நடவடிக்கை நிலைக்காது. தெரிந்தே மீறினால் உண்மையான நஷ்டம், வக்கீல் கட்டணம், சில சமயம் தண்டனைத் தொகையும் சேர்த்துத் தரவேண்டும்.

மின்சாரம், தண்ணீருக்குத் தனிப் பிரிவு உண்டு. பழைய பாக்கிக்காக உடனே துண்டிக்க முடியாது. ஆனால் 20 நாளுக்குள் டெபாசிட் போலத் தகுந்த உத்தரவாதம் கொடுக்காவிட்டால் துண்டிக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடை என்பது மனுத் தேதிக்கு முந்தைய கடன்களுக்கு மட்டும்தான். மனு போட்ட மறுநாள் வாங்கும் பொருளுக்கான பில்லை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

எதெல்லாம் நிற்பதில்லை

நீண்ட பட்டியலிலிருந்து தனிநபரை நேரடியாகத் தொடுபவை இவை.

1. குற்ற வழக்கு. தடை பணத்துக்கானது, தண்டனைக்கானது இல்லை. மோசடியாகச் செக் கொடுத்ததற்காக அரசு தொடுத்த குற்ற வழக்கு, திவால் மனுவால் ஒரு வாய்தாகூடத் தள்ளிப்போகாது.

2. குடும்ப வழக்குகள். விவாகரத்து, குழந்தையின் பொறுப்பு, தந்தை யார் என்ற வழக்கு, குடும்ப வன்முறை வழக்கு ஆகியவை தொடரும். தம்பதியின் சொத்தைப் பிரிக்கும் பகுதி மட்டும் நிற்கும். ஜீவனாம்சமும் குழந்தைக்கான உதவித்தொகையும் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டால் அந்தப் பிடித்தம் தொடரும். பாக்கிக்காக ஓட்டுநர் உரிமத்தை முடக்கலாம், வரி ரீஃபண்டை மறிக்கலாம். கிரெடிட் கார்டு கம்பெனியை வாசலில் நிறுத்துகிற சட்டம் குழந்தையின் சாப்பாட்டுப் பணத்துக்கு வழி விடுகிறது. இந்த முழுப் பிரிவிலும் எனக்கு மிக நியாயமாகப் படுவது இதுதான்.

3. வரி. வரித்துறை சம்பளத்தையோ கணக்கையோ ஜப்தி செய்ய முடியாது. ஆனால் தணிக்கை செய்யலாம், கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லலாம், பாக்கி இவ்வளவு என்று நிர்ணயித்து நோட்டீஸ் அனுப்பலாம். மனுவுக்கு முந்தைய ஆண்டின் வருமான வரி ரீஃபண்டைப் பழைய வருமான வரிப் பாக்கியில் கழித்தும் கொள்ளலாம்.

4. அரசின் ஒழுங்குமுறை அதிகாரம். இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடத்தைச் சரிசெய்யச் சொல்லும் நகராட்சி உத்தரவு, தொழில் உரிமத்தை ரத்து செய்யும் விசாரணை ஆகியவை நடக்கும். அபராதத் தொகையை நிர்ணயிக்கவும் செய்யலாம். அந்தத் தொகையை வசூலிப்பதுதான் நிற்கும்.

5. ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுத்த கடன். 401(கே) கணக்கில் கடன் வாங்கியிருந்தால் அதற்கான சம்பளப் பிடித்தம் தொடரும்.

6. வாடகை வீடு. மனுவுக்கு முன்பே வீட்டு உரிமையாளர் காலி செய்யும் தீர்ப்பு வாங்கிவிட்டால், பெரும்பாலும் தடை உதவாது. ஒரு சின்னச் சந்து உண்டு. பாக்கியைக் கட்டினால் குடியிருக்கலாம் என்று அந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால், மனுவோடு அதை உறுதிமொழியாகச் சொல்லி, அடுத்த 30 நாளில் விழப்போகும் வாடகையை நீதிமன்றத்தில் கட்டி, அந்த 30 நாளுக்குள் பழைய பாக்கி முழுவதையும் தீர்க்கவேண்டும். கையில் அவ்வளவு பணம் இருப்பவருக்குத் தீர்ப்பு வரை போகவேண்டிய அவசியம் என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

வங்கிக் கணக்கு விஷயத்தில் ஒரு சிக்கல். கடன் கொடுத்த வங்கியிலேயே சேமிப்புக் கணக்கும் இருந்தால், அந்தப் பணத்தை எடுத்துக் கடனில் வரவு வைத்துக்கொள்வதைத் தடை அனுமதிக்காது. ஆனால் நீதிமன்ற அனுமதி கேட்கும் வரை பணத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது மீறல் ஆகாது என்று 1995-இல் மேரிலாண்டு வங்கி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகைக்கு வைத்திருந்த பணம் கணக்கில் தெரியும், எடுக்க முடியாது.

மனுவுக்கு முன்பே நடந்துவிட்டவை

தடை இனி நடக்கப்போவதைத்தான் நிறுத்தும். வீட்டு ஏலம் காலை 10 மணிக்கு என்றால், 9.40-க்குப் பதிவான மனு அதை நிறுத்தும். 10.20-க்குப் பதிவான மனு, ஏலம் முறைப்படி முடிந்திருந்தால், பெரும்பாலும் வீட்டைத் திருப்பித் தராது. மனுவில் பதியும் நேர முத்திரை வெறும் சம்பிரதாயம் இல்லை.

ஏற்கெனவே பிடித்துக்கொண்டு போன காரின் கதி என்ன? பல ஆண்டுகள் கீழ் நீதிமன்றங்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நின்றன. சிகாகோ நகராட்சி, கட்டாத வாகன விதிமீறல் அபராதங்களுக்காகக் கார்களைப் பறிமுதல் செய்து வைத்திருந்தது. உரிமையாளர்கள் சாப்டர் 13 மனு போட்டுக் காரைக் கேட்டார்கள். பணம் கட்டினால்தான் கார் என்றது நகராட்சி. கார் இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது, வேலைக்குப் போகாவிட்டால் தவணைத் திட்டத்துக்குப் பணம் வராது. மனுவுக்குப் பிறகும் காரைப் பிடித்து வைத்திருப்பதே தடையை மீறுவதுதானே என்பது அவர்கள் வாதம்.

2021 ஜனவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்ற கணக்கில் நகராட்சி பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: இந்த வாதத்துக்கு ஆதாரமான 362-ஆம் பிரிவின் உட்பிரிவு தடுப்பது, சொத்தின் மீது கட்டுப்பாடு செலுத்தும் ஒரு செயலை. மனுத் தேதியில் இருந்த நிலையை அப்படியே வைத்திருப்பது மட்டும் அத்தகைய செயல் ஆகாது. சொத்தைத் திருப்பிக் கேட்க 542-ஆம் பிரிவில் வேறு வழி இருக்கிறது.

வழி இருந்ததுதான். ஆனால் அன்றைய நடைமுறை விதிப்படி அதற்குத் தனியாக ஒரு வழக்கே தொடுக்கவேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும். இந்தத் தாமதத்தை நீதிபதி சோனியா சோட்டோமேயர் தன் இணைத் தீர்ப்பில் சுட்டிக்காட்டி, விதிகளைத் திருத்தலாமே என்றார். 2024 டிசம்பரிலிருந்து அந்த விதி மாறியிருக்கிறது. தனிநபர் தன் கார் போன்ற பொருளை மீட்கத் தனி வழக்குப் போடவேண்டாம், திவால் வழக்குக்குள்ளேயே ஒரு மனு போதும்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்

தம்பி வாங்கிய காருக்கு அண்ணன் ஜாமீன் கையெழுத்து, மகளின் படிப்புக் கடனுக்கு அப்பாவின் கையெழுத்து என்பது நம் குடும்பங்களில் சகஜம். தம்பி சாப்டர் 7 மனு போட்டால் தடை தம்பிக்கு மட்டும். அடுத்த நாளே கம்பெனி அண்ணனைக் கூப்பிடலாம். கூப்பிடத்தான் செய்யும்.

இந்த இரண்டு வழிகளில் சாப்டர் 13-இல் மட்டும் ஜாமீன்காரருக்கும் தடை நீள்கிறது. அதுவும் குடும்பத் தேவைக்கான கடனாக இருக்கவேண்டும். வியாபாரக் கடனுக்கு இல்லை. தவணைத் திட்டம் அந்தக் கடனை முழுதாகக் கட்டப்போவதில்லை என்றாலோ, கடன் பணத்தை உண்மையில் அனுபவித்தவர் ஜாமீன்காரர்தான் என்றாலோ, கடன் கொடுத்தவர் இந்த நீட்டிப்பை நீக்கச் சொல்லலாம். வழக்கு சாப்டர் 7-க்கு மாறினால் அதோடு இதுவும் போய்விடும்.

கடன் கொடுத்தவர் தடையை விலக்கும் விதம்

அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரமாட்டார். தடையை நீக்கச் சொல்லி மனு போடுவார். அவருக்குப் பெரும்பாலும் உதவும் காரணங்கள் இரண்டு.

1. அடமானப் பொருளின் மதிப்பு கரைகிறது, எனக்குப் போதிய பாதுகாப்பு இல்லை. தவணையும் கட்டாமல், இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஓடும் கார் இதற்குச் சரியான உதாரணம்.
2. சொத்தில் கடன் பட்டவருக்கு மிச்சம் எதுவும் இல்லை, சீரமைப்புக்கும், அதாவது தவணைத் திட்டம் போட்டுக் கடனை ஒழுங்குபடுத்துவதற்கும், அது தேவையில்லை.

இரண்டாவதை எண்களில் பார்க்கலாம். வீட்டின் மதிப்பு 3,00,000 டாலர், கடன் 3,40,000 டாலர். சாப்டர் 7-இல் சீரமைப்பு என்ற பேச்சே கிடையாது. வங்கி கேட்டால் தடை விலகும். அங்கே வீட்டுக்கு ஸ்டே என்பது சில வாரம், சில மாத அவகாசம்தான். இதே ஆள் சாப்டர் 13-க்குப் போய், 18,000 டாலர் பாக்கியை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 300 டாலர். அதோடு டிரஸ்டி கமிஷனும் ஒவ்வொரு மாதத்தின் வழக்கமான தவணையும் கட்டினால் வீடு நிற்கும். தடை ஒன்றுதான், ஆனால் எந்த சாப்டரில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறுகிறது.

தடை நீக்க மனு போட்டு 60 நாளுக்குள், தனிநபர் வழக்கில், நீதிமன்றம் முடிவெடுக்கவோ நீட்டிக்கவோ இல்லையென்றால் அப்படிக் கேட்ட கடன் கொடுத்தவரைப் பொறுத்தவரை தடை தானாக முடிந்துவிடும்.

தானாக முடிகிற இன்னொரு இடமும் உண்டு. சாப்டர் 7 மனு போட்டவர், அடமானத்தில் உள்ள காரை ஒப்படைக்கப் போகிறாரா, அதன் மதிப்பைக் கட்டி மீட்கப் போகிறாரா, பழைய கடனைப் புதுப்பித்து ஒத்துக்கொள்ளப் போகிறாரா என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதிகபட்சம் 30 நாள். சொன்னபடி செய்யவும் வேண்டும். தவறினால் அந்தக் காருக்குத் தடை இல்லை. யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். ஒருநாள் காலையில் வாசலில் கார் இருக்காது.

இரண்டாம் முறை, மூன்றாம் முறை

ஒரு காலத்தில் ஏலத்துக்கு முந்தின நாள் மனு போடுவது, ஏலம் நின்றதும் வழக்கைக் கைவிடுவது, அடுத்த ஏலத்துக்கு முன் மறுபடி மனு போடுவது என்றொரு தந்திரம் இருந்தது. 2005-இல் கொண்டுவந்த பெரிய திருத்தம் இதற்குக் கடிவாளம் போட்டது. அக்டோபர் 17, 2005 முதல் அது அமலில் இருக்கிறது.

1. கடந்த ஓராண்டுக்குள் ஒரு வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால், புதிய வழக்கில் தடை 30 நாள்தான். நீட்டிக்க வேண்டுமென்றால் நல்லெண்ணத்தோடுதான் மனு போட்டேன் என்று நிரூபிக்கவேண்டும். விசாரணையும் அந்த 30 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். 25-ஆம் நாள் வக்கீலிடம் போனால் காரியம் ஆகாது.
2. ஓராண்டுக்குள் இரண்டோ அதற்கு மேலோ தள்ளுபடி ஆகியிருந்தால், தடை வரவே வராது. இங்கேதான் நம் ஊர் அர்த்தத்தில் ஸ்டேயை 'வாங்க' வேண்டும். 30 நாளுக்குள் கேட்டு, நீதிபதியைத் திருப்திப்படுத்தவேண்டும்.
3. சொத்தைக் கைமாற்றியோ அடுத்தடுத்து மனு போட்டோ கடன் கொடுத்தவரை ஏய்க்கும் திட்டம் என்று நீதிமன்றம் கண்டால், அந்த வீட்டையே குறிவைத்து உத்தரவு போடலாம். அது மாநிலப் பத்திரப் பதிவில் ஏறினால், 2 ஆண்டுக்கு அந்த வீட்டுக்கு எந்தத் திவால் மனுவும், யார் போட்டாலும், தடை தராது.

முதலாவதில் சட்டத்தின் வாசகமே தடுமாறுகிறது. 30-ஆம் நாள் தடை 'கடன் பட்டவரைப் பொறுத்து' முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்கு மட்டும் முடிந்து, திவால் வழக்கின் பொறுப்பில் உள்ள சொத்துக்குத் தொடருமா? எல்லாமே முடியுமா? சொத்துக்குத் தொடரும் என்று சொல்லும் நீதிமன்றங்களே அதிகம். 2018-இல் பாஸ்டனில் உள்ள முதலாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாமே முடியும் என்று சொன்னது. ஒவ்வொரு சர்க்யூட்டும் சில மாநிலங்களுக்கானது. ஆகவே வழக்கு எந்த மாநிலத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து 31-ஆம் நாள் காட்சி மாறும்.

இந்தத் திருத்தம் குறிவைத்தது தந்திரக்காரர்களை. அடிவாங்குபவர்களில் சாதாரண ஆட்களும் உண்டு. சாப்டர் 13 திட்டத்தில் இரண்டாம் ஆண்டு வேலை போய், தவணை தவறி, வழக்கு தள்ளுபடியாகி, புது வேலை கிடைத்ததும் திரும்ப மனு போடுகிறவரும் இதே 30 நாள் கெடுவுக்குள்தான் ஓடவேண்டும். புது வேலையின் சம்பளச் சீட்டுதான் அவருக்குக் கைகொடுக்கும் சாட்சி.

தடை முடிந்த பிறகு

வழக்கு முடிந்தாலோ, தள்ளுபடியானாலோ, கடன் விடுவிப்பு கிடைத்தாலோ, மறுக்கப்பட்டாலோ தடை முடியும். இங்கே இரண்டு விஷயங்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தடை தற்காலிகம். கடன் விடுவிப்பு நிரந்தரம். இரண்டும் ஒரே கடன்களை மூடுவதில்லை. கல்விக் கடன் வசூலைத் தடை நிறுத்தும்; ஆனால் மிகுந்த கஷ்டத்தைத் தனியாக நிரூபித்தால் தவிர அந்தக் கடன் விடுபடாது. வழக்கு முடிந்ததும் வட்டியோடு திரும்பி வரும்.

வீட்டுக் கடனில் இன்னொரு விதமாக நடக்கும். விடுவிப்புக்குப் பிறகு வங்கி உங்களிடம் பணம் கேட்க முடியாது. ஆனால் அடமானம் அப்படியே இருக்கும், தவணை வராவிட்டால் வீட்டை ஏலம் விடலாம். ஆள் தப்பித்தார், வீடு தப்பவில்லை.

தடை கடன் பட்டவருக்கு எதிராகவும் வேலை செய்யும். வரித்துறை ஒரு வரியை வசூலிக்கப் பொதுவாக 10 ஆண்டு அவகாசம். தடை இருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது, மேலே 6 மாதமும் கூடும். காலாவதியாகப் போகும் நிலையில் இருந்த பழைய வரிப் பாக்கி, திவால் மனுவால் ஆயுள் நீண்டு உட்கார்ந்திருக்கும்.

ஊரில் இருக்கும் சொத்து

அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி தடுக்கி விழக்கூடிய இடம் இது. திவால் வழக்கின் பொறுப்பில் வரும் சொத்து 'எங்கே இருந்தாலும்' வரும் என்கிறது சட்டம். சென்னையில் உள்ள ஃபிளாட், ஊரில் அப்பா எழுதிவைத்த நிலம், என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) வங்கிக் கணக்கு எல்லாம் மனுவில் எழுதவேண்டியவைதான்.

காகிதத்தில் தடையும் அதே தூரம் நீளும். ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தின் கை, அதன் அதிகார வரம்புக்குள் வருகிறவரைத்தான் பிடிக்கும். அமெரிக்காவில் கிளை உள்ள வங்கி தயங்கும். அங்கே கிளையோ வியாபாரமோ இல்லாத ஒரு கூட்டுறவு வங்கி, ஊரில் உள்ள வீட்டின் மீது கொடுத்த கடனுக்காக இந்தியச் சட்டப்படி ஏலம் விட்டால், அமெரிக்கத் திவால் நீதிபதியால் நடைமுறையில் செய்யக்கூடியது மிகக் குறைவு. சொத்தைச் சொல்லவேண்டிய கடமை முழுதாக இருக்கும், பாதுகாப்பு அரைகுறையாகத்தான் இருக்கும். சரி, பாதுகாப்பே இல்லையே, எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தால் கடன் விடுவிப்பே மறுக்கப்படலாம். தெரிந்தே மறைப்பது குற்றமும்கூட, 5 ஆண்டு வரை சிறை. அந்தக் குற்ற வழக்கையும் ஸ்டே நிறுத்தாது.